முதலில் பப், அப்புறம் பீர்: பிரிட்டனில் ரியல் ஏல் பழகுவது எப்படி

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற நம்மவர்களில் பலர் முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு பப்புக்குள் போய்விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசில் உடன் வேலை செய்பவர்கள் கூட்டிப் போவார்கள். பாரின் மேல் வரிசையாக நிற்கும் நீளமான மரக் கைப்பிடிகளைப் பார்ப்போம். எது என்னவென்று புரியாது. பின்னால் நிற்பவர் காத்திருக்கிறாரே என்ற பதற்றத்தில், பெயர் தெரிந்த லாகர் (சில்லென்று தரும் வெளிர் நிற பீர்) ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். ஷெஃபீல்டுக்கு வந்த புதிதில் கிட்டத்தட்ட ஒரு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான். அந்தக் கைப்பிடிகளின் வழியாக வருவதுதான் ரியல் ஏல், இந்த நாட்டின் சொந்த பீர். தெருமுனைப் பப்பில், சாதாரண விலையில், இவ்வளவு பரவலாக அது கிடைப்பது இங்கேதான்.

குடிப் பழக்கம் இல்லாதவர்களைக் குடிக்க வைப்பதற்காக இதை எழுதவில்லை. எப்படியும் பப்புக்குப் போகப் போகிறவர்கள், போகிற இடத்தில் நல்லதைக் குறைவாகக் குடிக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன். இங்கே 18 வயது ஆகியிருக்க வேண்டும். வயதை விட இளமையாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கைப்பிடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது

பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு இறக்கி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் பீர். இதுவரை எல்லா பீருக்கும் ஒரே கதைதான். ஏல் வகையில் ஈஸ்ட் கொஞ்சம் கதகதப்பான சூட்டில், சில நாள்களிலேயே வேலையை முடித்துவிடும். லாகரைக் குளிரில் வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

இதற்கு அப்புறம்தான் பாதை பிரிகிறது. கெக் பீர் என்றால், பெரும்பாலும் ஈஸ்ட்டை வடிகட்டி எடுத்துவிட்டு, பல நேரம் சூடுபடுத்திக் கிருமி நீக்கி, வாயுவை ஏற்றி மூடிவிடுவார்கள். பப்பில் குழாயைத் திருப்பினால் வாயு அழுத்தி வெளியே தள்ளும். ரியல் ஏல் அப்படி இல்லை. உயிருள்ள ஈஸ்ட்டோடேயே பீப்பாய்க்குள் போகும். அந்தப் பீப்பாய்க்குக் காஸ்க் என்று பெயர், அதனால் காஸ்க் ஏல் என்றும் சொல்வார்கள். பப்புக்கு வந்து சேர்ந்த பிறகும் உள்ளே நொதித்தல் நடந்துகொண்டே இருக்கும். அரைத்து வைத்த இட்லி மாவு இரவெல்லாம் பொங்குகிறதே, அதே வேலைதான். அதில் உண்டாகும் மெல்லிய நுரைப்பு மட்டும்தான் பீரில் இருக்கும். வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை, கையால் பம்பை இழுத்துத்தான் மேலே கொண்டுவர வேண்டும். காலையில் இறக்கிய கள் வேறு, சாயங்காலக் கள் வேறு என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இதுவும் அப்படி நாளுக்கு நாள் மாறுகிற சரக்குதான்.

1960களில் பெரிய கம்பெனிகள் கெக் பீரைத்தான் தள்ளின. கெடாது, பராமரிக்கத் தனித் திறமை வேண்டாம், எல்லா ஊரிலும் ஒரே ருசி. காஸ்க் ஏல் அழிந்துவிடும் என்றே பலர் நினைத்தார்கள். 1971இல் நான்கு இங்கிலாந்து இளைஞர்கள் அயர்லாந்தின் கெர்ரி கடற்கரைக்கு விடுமுறைக்குப் போன இடத்தில், ஊரில் நல்ல பீர் கிடைப்பதில்லையே என்று பேசிப் பேசி ஒரு இயக்கம் தொடங்கினார்கள். அதுதான் காம்ரா. 'ரியல் ஏல்' என்ற பெயரை நாடு முழுக்கப் பரப்பியது அவர்கள்தான். பீர் குடிப்பவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு தொழிலையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உற்சாகமாக இருக்கிறது.

பாதி வேலை பப்பின் நிலவறையில்

புதியவர்கள் 'எந்த பீர் நல்லது?' என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது 'எந்தப் பப் நல்லது?' என்பதுதான். ப்ரூவரியிலிருந்து, அதாவது பீர் காய்ச்சும் ஆலையிலிருந்து, வருவது முடிக்கப்படாத சரக்கு. மிச்ச வேலையைப் பப்பின் நிலவறையில் ஒருவர் செய்து முடிக்கிறார். அவர் கை சரியில்லை என்றால், எவ்வளவு பேர்பெற்ற பீரும் வீண்.

எங்கள் பக்கத்தில் நான் அடிக்கடி போகும் ஒரு பப்பின் உரிமையாளர் அம்மா ஒருநாள், 'இவ்வளவு கேள்வி கேட்கிறாயே, வா, காட்டுகிறேன்' என்று கீழே கூட்டிப் போனார். செங்குத்தான கல் படிகள். இறங்க இறங்கக் கிணற்றடிக் குளிர்ச்சி, ஈரக் கல்லின் வாசனை, கூடவே ஈஸ்ட்டின் லேசான புளித்த மணம். காஸ்க்குகள் படுக்கை நிலையில் மர முட்டுகளின் மேல் அசையாமல் கிடந்தன. வந்து இறங்கிய காஸ்க்கை அப்படிப் படுக்கவைத்து ஓய்வெடுக்க விட வேண்டுமாம்.

காஸ்க்கின் வயிற்றில் மேல் பக்கமாக ஒரு துளை, அதற்கு மர மூடி. அந்த மூடியின் நடுவில், விரல் பருமனில் ஒரு சின்ன முளைக்குச்சியை வைத்து அவர் சுத்தியலால் ஒரே தட்டு தட்டினார். 'உஸ்' என்று சத்தம் வந்தது. காற்றுப் போகக்கூடிய மென்மையான குச்சி அது, ஸ்பைல் என்பார்கள். சில நொடிகளில் குச்சியைச் சுற்றி வெள்ளை நுரை குமிழ்குமிழாகக் கிளம்பி, காஸ்க்கின் விலாவில் வழிந்து இறங்கியது. அவர் துணியால் துடைத்தார், திரும்பவும் வந்தது, திரும்பவும் துடைத்தார். பால் பொங்கும்போது அடுப்பை விட்டு நகராமல் நிற்போமே, அப்படி நின்றார். இந்தக் குமிழ் வேகம் தணிந்ததும் அந்தக் குச்சியை எடுத்துவிட்டு, காற்றுப் போகாத கெட்டிக் குச்சியை அடிக்க வேண்டும். சீக்கிரம் மாற்றினால் பீரில் வாயு அதிகமாகும், தாமதித்தால் உயிர்ப்பே இல்லாமல் சப்பென்று போகும். எப்போது மாற்றுவது என்று கடிகாரம் சொல்லாது, நுரைதான் சொல்லும் என்றார். அப்புறம் ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளியும் வரை காத்திருந்து, குழாயை அடித்து ஏற்றி, முதலில் தானே ருசி பார்த்துவிட்டுத்தான் மேலே இணைப்பார்.

சுவரில் தெர்மாமீட்டர் 12 டிகிரி காட்டியது. ரியல் ஏல் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். 'இங்கிலாந்துக்காரர்கள் சூடான பீர் குடிப்பார்கள்' என்று ஊரில் சொல்வதெல்லாம் சரியில்லை. ஃபிரிட்ஜ் குளிர் இல்லை, மண்பானைத் தண்ணீர்க் குளிர். அந்தக் குளிர்ச்சியில்தான் மால்ட்டின் ருசி நாக்குக்குத் தெரியும்.

பப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்கு

காஸ்க்கைத் திறந்துவிட்டால் பீர் இறங்க இறங்க உள்ளே காற்று போகும். மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள், அதற்குள் தீர்ந்துவிட வேண்டும். பெரும்பாலான பப்புகள் வாங்குவது ஃபிர்கின் என்ற அளவு. அதில் 9 கேலன், அதாவது 72 பைன்ட். ஒரு பைன்ட் 568 மில்லி. மூன்று நாளில் தீர வேண்டுமானால், ஒரு பம்பில் தினமும் 24 பைன்ட் போக வேண்டும். எட்டுப் பம்பு வைத்திருக்கும் பப்பில் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 200 பைன்ட் காஸ்க் ஏல் விற்க வேண்டும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நுழையுங்கள். எட்டுப் பம்பு, ஆனால் உள்ளே நாலு பேர், நாலு பேர் கையிலும் லாகர் என்றால், எனக்குத் தெரிந்தவரை வெளியே வந்துவிடுவதுதான் நல்லது. இரண்டே பம்பு, ஆனால் பாரில் சாய்ந்து நிற்கிற உள்ளூர்க்காரர்கள் எல்லோர் கையிலும் அதே பீர் என்றால், தைரியமாக வாங்குங்கள். பம்பின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள்.

காம்ரா வருடா வருடம் வெளியிடும் 'குட் பீர் கைட்' புத்தகத்தில் நாடு முழுக்க ஏறக்குறைய 4,500 பப்புகள் இருக்கும். உறுப்பினர்கள் தாங்களே போய்க் குடித்துப் பார்த்து மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். விளம்பரக் காசு வாங்கிக்கொண்டு சேர்ப்பதில்லை. வாசலில் 'காஸ்க் மார்க்' என்ற பலகை இருந்தால், ஆய்வாளர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, பீரின் வெப்பநிலை, தோற்றம், மணம், ருசி நான்கையும் சோதித்திருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. பல பப்புகள் ஏதாவது ஒரு ப்ரூவரிக்கோ பெரிய கம்பெனிக்கோ கட்டுப்பட்டவை, அவர்கள் தருகிற சரக்கைத்தான் விற்க முடியும். 'ஃப்ரீ ஹவுஸ்' என்று பலகையில் எழுதியிருந்தால் இஷ்டப்பட்ட ப்ரூவரியிடம் வாங்கலாம் என்று பொருள். இலவசம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கட்டுப்பட்ட பப் என்றால் மட்டம் என்றும் இல்லை. சொந்த ப்ரூவரியின் பீரை அவர்களைப் போல நன்றாக வைத்திருப்பவர்கள் குறைவு.

பாரில் நிற்கும்போது

மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். பாருக்குப் போய் நின்று கேட்க வேண்டும், வாங்கும்போதே காசும் கொடுத்துவிட வேண்டும். வரிசை இருப்பதுபோல் தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தார் என்று பாரில் இருப்பவருக்கும் தெரியும், நிற்பவர்களுக்கும் தெரியும். 'இவர் எனக்கு முன்னால் வந்தார்' என்று கைகாட்டினால் உங்கள் மேல் ஒரு மரியாதை வரும். நோட்டை ஆட்டிக் கூப்பிடாதீர்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை.

ஒவ்வொரு பம்பின் முகப்பிலும் ஒரு சின்ன அட்டை இருக்கும், பம்ப் கிளிப் என்பார்கள். பீரின் பெயர், ப்ரூவரி, ஆல்கஹால் சதவீதம் மூன்றும் அதில் இருக்கும். அட்டை முதுகைக் காட்டித் திரும்பியிருந்தால் அந்த பீர் இப்போது கிடைக்காது என்று பொருள்.

எது வேண்டும் என்று தெரியவில்லையா? 'கேன் ஐ ட்ரை எ டேஸ்டர்?' என்று கேளுங்கள். சின்னக் கிளாஸில் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள், காசு கிடையாது. கூட்டம் நெரியும் நேரத்தில் நாலைந்து டேஸ்டர் கேட்பது மட்டும் வேண்டாம். எனக்கு எப்போதும் கைகொடுத்த கேள்வி ஒன்று உண்டு: 'இன்றைக்கு எது நல்ல பதத்தில் இருக்கிறது?' இப்படிக் கேட்டால், பாரில் இருப்பவர் விற்க வேண்டியதைச் சொல்லாமல் தான் குடிப்பதைச் சொல்வார்.

முதலில் அரை பைன்ட் வாங்குங்கள். அரை பைன்ட் வாங்கினால் கௌரவக் குறைச்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். ருசி தேடிப் போகிறவருக்கு அதுதான் சரியான அளவு. சில பப்புகளில் மூன்றில் ஒரு பங்கு பைன்ட்டும் தருவார்கள், மூன்று கிளாஸ் சேர்த்து ஒரு மரப் பலகையில் வரும்.

கூட்டமாகப் போனால் ரவுண்டு முறை. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். இதில் மாட்டிக்கொண்டால் ஆறு பேருக்கு ஆறு பைன்ட் என்று ஆகிவிடும். 'நான் என்னுடையதை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அல்லது உங்கள் ரவுண்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, நடுவில் ஒரு லைம் சோடா எடுத்துக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது

லாகர் பழக்கம் உள்ளவர்கள் கோல்டன் ஏலில் தொடங்கலாம். வெளிர் மஞ்சள், லேசான பழ மணம். லாகர் குடிப்பவர்களை இந்தப் பக்கம் இழுக்க 1980களில் தலையெடுத்த வகை இது. தொடங்க நல்லது, அதிலேயே நின்றுவிட வேண்டாம்.

பிட்டர்தான் இந்த மண்ணின் அன்றாட பீர். பெயரில் கசப்பு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நல்ல ஃபில்டர் காபியில் கசப்பு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, பின்னால் வந்து வாயைச் சுத்தமாக்கிவிட்டுப் போகும். செம்பு நிறம், பெரும்பாலும் 3.5 முதல் 4.5 சதவீதம். முதல் வாயில் பெரிதாக ஒன்றும் தோன்றாது. பாதி கிளாஸ் போன பிறகுதான், வறுத்த மால்ட்டின் பிஸ்கட் ருசியும், காய்ந்த புல், ஆரஞ்சுத் தோல் போன்ற ஹாப்ஸ் மணமும் ஒன்றாகச் சேரும். கென்ட் மாவட்டத்து கோல்டிங்ஸ், ஃபகிள் என்ற பழைய ஹாப்ஸ் ரகங்கள் தருகிற மணம் அது. சசெக்ஸில் ஹார்வீஸ் ப்ரூவரியின் சசெக்ஸ் பெஸ்ட், யார்க்‌ஷரில் டிமதி டெய்லரின் லேண்ட்லார்ட், லண்டனில் ஃபுல்லர்ஸின் லண்டன் பிரைடு, இந்த மூன்றையும் அவையவை பிறந்த ஊரிலேயே குடித்துப் பாருங்கள். மூன்றும் பிட்டர்தான், ஆனால் சாம்பார் ஊருக்கு ஊர் மாறுவது போல மாறும்.

மைல்டு என்பது பெரும்பாலும் கருப்பு நிறம், கசப்புக் குறைவு, சாதாரணமாக 3 முதல் 4 சதவீதத்துக்குள். இரும்பு ஆலையிலும் சுரங்கத்திலும் வியர்த்து வந்த தொழிலாளர்கள் குடித்த பீர். ஆலைகள் மூடியதோடு இதுவும் தேய்ந்துபோனது, அது எனக்கு மனக்குறைதான். பர்மிங்ஹாமுக்கு மேற்கே 'பிளாக் கன்ட்ரி' பகுதியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. செட்ஜ்லியில் பீக்கன் ஹோட்டல் என்ற பப்பின் பின்கட்டிலேயே காய்ச்சும் சாரா ஹியூஸ் டார்க் ரூபி மைல்டு 6 சதவீதம். பெயரில் மைல்டு என்று இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள், அரை பைன்ட் போதும். அந்தப் பக்கம் வெஸ்ட் பிராம்விச், ஸ்மெதிக் ஊர்களில் பஞ்சாபிக் குடும்பங்கள் நடத்தும் 'தேசி பப்'களும் உண்டு. இரும்புத் தட்டில் சுடச்சுட மிக்ஸ்டு கிரில், அதாவது பல வகைச் சுட்ட இறைச்சி, வரும். பப் என்றாலே கூச்சமாக இருக்கிறது என்பவர்கள் அங்கே தொடங்கலாம்.

போர்ட்டர், ஸ்டவுட் இரண்டும் வறுத்த பார்லியின் காபி ருசி, குளிர்காலத்துக்கு ஏற்றவை.

ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து, கிழக்கு லண்டனில் இருந்த ஹாட்ஜ்சன் ப்ரூவரி இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலில் பீர் அனுப்பியது. மாதக்கணக்கான கடல் பயணத்தில் கெடாமலிருக்க ஹாப்ஸ் தாராளமாகப் போட்டார்கள். 1820களில் பர்ட்டன் அப்பான் ட்ரென்ட் ஊரின் ப்ரூவரிகள் அந்தச் சந்தையைப் பிடித்தன. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், வெளிர் நிற பீருக்கு அது அருமையாகப் பொருந்தியது. இன்று அந்தப் பெயரை வைத்து ருசியைக் கணிக்க முடியாது. சில பழைய ப்ரூவரிகளின் ஐபிஏ 4 சதவீதத்துக்கும் கீழே, சாதாரண பிட்டர் மாதிரி இருக்கும். டார்பிஷரில் தார்ன்பிரிட்ஜ் ப்ரூவரியின் ஜெய்ப்பூர் 5.9 சதவீதம், பழ மணம் தூக்கலாக இருக்கும்.

கிளாஸ் கைக்கு வந்த பிறகு

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தெளிவாக இருக்க வேண்டும். முகர்ந்து பாருங்கள். அப்புறம் ஒரு நல்ல வாய் எடுத்து விழுங்குங்கள். ஒயின் மாதிரி துப்பிவிட்டால் இதன் ருசி முழுசாகக் கிடைக்காது, விழுங்கிய பிறகு நிற்கும் கசப்பும் ருசியில் சேர்ந்ததுதான். நுரைப்புக் குறைவாக இருக்கிறதே, பழசோ என்று நினைக்காதீர்கள், இயல்பே அதுதான். வடக்கே போனால் பம்பின் மூக்கில் சல்லடைத் துளை கொண்ட ஒரு குப்பியை மாட்டியிருப்பார்கள், ஸ்பார்க்ளர் என்று பெயர். பாலாடை போல் அடர்த்தியான நுரை கட்டும். தெற்கே அது பெரும்பாலும் இருக்காது. எது சரி என்று இரண்டு பக்கமும் விடாமல் சண்டை போடுவார்கள். யார்க்‌ஷர் பிட்டருக்கு நுரை வேண்டும் என்பது என் கட்சி.

ஒரே சாயங்காலத்தில் பல வகை பார்ப்பதென்றால் சதவீதம் குறைந்ததில் தொடங்கி மேலே போங்கள். 4 சதவீத பைன்ட் ஒன்றில் 2.3 யூனிட் ஆல்கஹால் இருக்கிறது (ஒரு யூனிட் என்றால் 10 மில்லி சுத்த ஆல்கஹால்). வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம், அதையும் சில நாள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பது இங்கத்து அரசு மருத்துவ ஆலோசனை. அதாவது ஆறு பைன்ட். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இடையில் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருவார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், சீஸ் வைத்த ரொட்டியோ சூடான பை (pie) பலகாரமோ சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போன பைன்ட்

ஒருமுறை ஒரு பப்பில் வாங்கிய பைன்ட்டில் காடி வாடை அடித்தது. மோர் புளித்துப்போன மாதிரி ஒரு காட்டம். ரியல் ஏல் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து, முகத்தைச் சுளிக்காமல் முழுவதும் குடித்து முடித்தேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்தக் கைப்பிடிகள் பக்கமே போகவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. காடி வாடை, ஈர அட்டைப்பெட்டி வாடை, உயிரே இல்லாத சப்பை, சேற்றுக் கலங்கல், இவற்றில் எது இருந்தாலும் இரண்டு வாய்க்கு மேல் குடிக்காமல் பாருக்குக் கொண்டு போங்கள். 'இது கொஞ்சம் சரியில்லை என்று தோன்றுகிறது, பார்க்கிறீர்களா?' என்று தன்மையாகச் சொன்னால் போதும். நல்ல பப் என்றால் பேசாமல் மாற்றித் தருவார்கள், அந்தப் பம்பையும் நிறுத்துவார்கள். முக்கால் கிளாஸ் தீர்ந்த பிறகு கொண்டுபோனால் எடுபடாது.

பர்ட்டன் பீர்களில் தீக்குச்சி கிழித்த மாதிரி கந்தக வாடை மெலிதாக வரும். அது கெட்டதில்லை, அந்தத் தண்ணீரின் கையெழுத்து.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பீர் சீக்கிரம் தெளிய, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசின்கிளாஸ் என்ற பொருளைக் காஸ்க்கில் சேர்ப்பது பழைய வழக்கம். அது ஈஸ்ட்டோடு அடியில் படிந்துவிடும், ஆனாலும் பலருக்கு அது மனசுக்கு ஒப்பாது. 'அன்ஃபைன்டு' என்று எழுதியிருப்பதையோ வீகன் என்று குறித்திருப்பதையோ கேட்டு வாங்குங்கள். அது கொஞ்சம் மங்கலாக இருக்கலாம், அந்த மங்கல் குறையல்ல.

ப்ரூவரியைப் போய்ப் பார்ப்பது

பப்பில் கொஞ்சம் பழகிய பிறகு ஒரு ப்ரூவரிக்கு நேரிலேயே போய் வாருங்கள். பல இடங்களில் முன்பதிவு செய்தால் சுற்றிக் காட்டுவார்கள். ஆக்ஸ்ஃபோர்ட்ஷரில் ஹுக் நார்ட்டன் ப்ரூவரியைத்தான் நான் முதலில் சொல்வேன். 1849இல் தொடங்கியது, கோபுரம் மாதிரி பல மாடி உயரம். தானியத்தையும் தண்ணீரையும் மேலே ஏற்றிவிட்டால், ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கித் தரைக்கு வரும்போது பீராகியிருக்கும். பம்பு அதிகம் இல்லாத காலத்துப் புத்தி. பக்கத்து ஊர்ப் பப்புகளுக்கு ஷயர் என்ற பெரிய இனக் குதிரைகள் பூட்டிய வண்டியில் காஸ்க் அனுப்புவது இந்த ப்ரூவரியின் பழைய வழக்கம். கென்ட்டில் ஃபேவர்ஷாமின் ஷெப்பர்ட் நீம் 1698 என்று ஆண்டு போட்டு, நாட்டின் மிகப் பழைய ப்ரூவரி என்று சொல்லிக்கொள்கிறது.

ஹார்வீஸ் இருக்கும் லூவிஸ் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே லூவிஸ் ஆர்ம்ஸ் என்ற பப்பை வாங்கிய பெரிய கம்பெனி, 2006 டிசம்பரில் ஹார்வீஸ் பிட்டரை எடுத்துவிட்டுத் தன் சரக்கை மட்டும் வைத்தது. ஊர்க்காரர்கள் வாசலில் நின்று யாரையும் உள்ளே போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். குளிரில் நான்கு மாதத்துக்கு மேல் விடாமல் நின்றார்கள். 2007 ஏப்ரலில் ஹார்வீஸ் திரும்ப வந்தது. ஒரு பிட்டருக்காக ஒரு ஊர் இப்படி நிற்குமா என்று கேட்பவர்கள், லூவிஸுக்குப் போய் ஒரு பைன்ட் குடித்துப் பாருங்கள்.

சின்ன ப்ரூவரிகளையும் விட்டுவிடாதீர்கள். 2002இல் சிறு ப்ரூவரிகளுக்கு வரியைக் குறைத்த பிறகு, தொழிற்பேட்டைக் கொட்டகைகளிலும் ரயில் பாலத்து வளைவுகளின் கீழும் புதிது புதிதாக முளைத்தன. பல இடங்களில் சனிக்கிழமை கதவைத் திறந்து அங்கேயே ஊற்றித் தருவார்கள், காய்ச்சியவரிடமே சந்தேகம் கேட்கலாம். ஷெஃபீல்டுக்கு வந்தால் கெல்ஹம் ஐலண்ட் பகுதிக்கு வாருங்கள். 1981இல் தொடங்கிய ஃபேட் கேட் பப்பும், அதிலிருந்து எட்டி நடந்தால் கெல்ஹம் ஐலண்ட் டேவர்னும் இருக்கின்றன.

முதல் பயணத்துக்கு ஒரு வழி

பப்புகளை ரயிலில் இணைத்துப் பார்க்க மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் நடுவே உள்ள பாதையை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வேண்டாம், இளைஞர் கூட்டம் அள்ளும். வார நாளில், மத்தியானம் கிளம்புங்கள். பாதையில் மேம்பாட்டு வேலைகள் நடப்பதால் அன்றைய ரயில் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள், கடைசி ரயிலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ட்யூஸ்பரி ரயில் நிலையத்தில் நடைமேடையிலேயே இருக்கும் வெஸ்ட் ரைடிங் ரிஃப்ரெஷ்மென்ட் ரூம்ஸ் என்ற பப்பில் தொடங்கலாம். அடுத்து ஹடர்ஸ்ஃபீல்டு, கோயில் மண்டபம் போலத் தூண்கள் நிற்கும் ரயில் நிலையம். அதன் முகப்பிலேயே இரண்டு பக்கமும் பப். ஒன்றில் மட்டும் அரை பைன்ட். அப்புறம் மார்ஸ்டன், ஆற்றங்கரையில் ரிவர்ஹெட் ப்ரூவரி டாப் என்ற பப். அந்த ஊரில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், மலை அழகாக இருக்கும். பிறகு ரயில் ஸ்டேண்டெஜ் சுரங்கத்துக்குள் நுழைந்து, மூன்று மைல் இருட்டைக் கடந்து மறுபக்கம் வரும்.

கடைசி நிறுத்தம் ஸ்டேலிபிரிட்ஜ். நடைமேடையிலிருந்து நேராக பஃபே பாருக்குள் போகலாம், விக்டோரியா காலத்து அறை, குளிர் நாளில் கணப்பு எரியும். அங்கே ஒரு பிட்டரோடு பிளாக் பீஸ் கேளுங்கள். கருப்புப் பட்டாணியை மெத்தென்று வேகவைத்து, சின்னக் கிண்ணத்தில் சூடாக, மேலே காடி தெளித்துத் தருவார்கள். முதல் வாய் சாப்பிட்டதுமே கடற்கரைச் சுண்டல் ஞாபகம் வந்தது எனக்கு. ஒரு கிண்ணம் போதாது, இரண்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.